பணி மாறும் தந்தையும் பள்ளி சேரும் பிள்ளையும்

பிள்ளை பிறந்தபின் ஒருவர் தம் பணியை மாற்றிக்கொள்ள எண்ணுவது அவர்தம் வீட்டுச் செய்தி. பிறர் அதிற் கருத்துரைக்க ஒன்றுமில்லை என்பர். பணி மாறலாமா, கூடாதா என்பது வீட்டுச் செய்தியே. ஆனால், அம்மாற்றம் எம்மொழியின் வழியாக நிகழ்கின்றது என்பது நாட்டுச் செய்தி. தமிழிற் கற்றுத் தமிழில் தேர்வெழுதிப் பணியேற்ற தந்தை ஒருவர், ஆங்கிலத்தின் வழியாகவே மற்றொரு பணிக்குச் செல்ல முடியும் என்னும் நிலை இருக்குமாயின், அவர் தம் பிள்ளையை எப்பள்ளியிற் சேர்ப்பார் என்பது அன்றே முடிவாகிவிடுகின்றது. தமிழ் தன் அடுத்த தலைமுறையை இழப்பது மாற்றார் வகுக்கும் சட்டத்தால் மட்டுமன்று. பிள்ளைமேல் அன்புள்ள பெற்றோர் ஓசையின்றி எடுக்கும் இத்தகைய முடிவுகளாலும் ஆகும்.

சிறைக்காவலர் பணியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் எளிய குடும்பத்து இளைஞர் பத்தாம் வகுப்புத் தேறியதும் நாடும் அரசுப் பணிகளுள் அஃது ஒன்று. இரண்டாம் நிலைக் காவலர், தீயணைப்பாளர் ஆகியோரோடு சேர்த்தே சிறைக்காவலரையும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் தேர்ந்தெடுத்து வருகின்றது. 2022-ஆம் ஆண்டுத் தேர்வில் தமிழ்மொழித் தகுதித் தேர்வும் சேர்க்கப்பெற்றது. அதில் நூற்றுக்கு 40 விழுக்காடேனும் பெற்றவரே மேற்செல்ல முடியும். பாராட்டத்தக்க ஏற்பாடே இது. அப்பணிக்குட் புகும் வாயில் தமிழ்வாயில் என்பதை இதனால் உணரலாம். அப்பணியினின்று வெளிவந்து வேறொரு தொழிலுக்குச் செல்லும் வாயில் எம்மொழியினது என்பதே இங்குக் கேள்வி.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாயிற்று. எனினும் குற்றால மலையடியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து சிறைக்காவலராகும் இளைஞர்க்கு அண்மையிலுள்ள நடுவண் சிறை பாளையங்கோட்டையினதே. தென்காசிக்கும் அதற்கும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்த் தொலைவு. தொலைவைவிடக் கடுமையானது பணிமுறை. பகலும் இரவும் மாறி மாறி வரும் காவல்; ஊரெல்லாம் விழாக் கொண்டாடும் நாளிலும் விடாத காவல். நடுவணரசு 2016-இல் வகுத்த சிறைக் கையேடு, 6 சிறையாளர்க்கு ஒரு காவலர் வேண்டும் என்று வரையறுத்தது. அவ்வளவையும் மூன்று முறைக்குப் பகிர்ந்தால், ஒரு நேரத்திற் காவலில் நிற்போர் எத்துணைச் சிலர் என்பது கணக்கறிந்தார்க்கு விளங்கும். ஒருவர் விடுப்பெடுத்தால் அவர் சுமை மற்றொருவர் தோளில் ஏறுகின்றது. ஆகலின் விடுப்புக் கேட்கவே நாக்கூசும்.

மணமாகாத இளைஞர்க்கு இது பெருஞ்சுமையாகத் தோன்றாமற் போகலாம். குழந்தை பிறந்த வீட்டில்தான் இதன் எடை தெரியும். நள்ளிரவிற் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மதிலுக்குட் காவல் நிற்கும் தந்தையை நினைத்தவுடன் அழைக்கவும் இயலாது. சாரற் பருவத்தில் வெளியூரார் எல்லாரும் தம் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து அருவிக்கு அழைத்துவர, அருவிக்கு அண்டையிற் பிறந்தவரோ தம் பிள்ளையை ஒருநாள் அழைத்துச் செல்ல விடுப்புக்குக் காத்திருப்பார். மேலும், நாள் முழுதும் துயருற்றோரும் சினமுற்றோரும் சூழ நிற்கும் ஒருவர், வீட்டுக்கு வந்ததும் அக்கடுமையைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டுக் குழந்தையிடம் செல்லல் எளிதன்று. இது பெண் காவலர்க்கும் பொருந்தும். அவர்க்கு இன்னும் மிகுதியாகவே பொருந்தும்.

சட்டமும் இப்பணியாளரை எவ்வாறு நோக்கியது என்பதைப் பார்த்தல் வேண்டும். வெள்ளையர் இயற்றிய 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, சிறைப் பணியாளர் ஒருவர் இசைவு பெறாமலோ இரண்டு திங்களுக்கு முன் எழுத்துவழி அறிவிக்காமலோ பணியை விட்டு நீங்கினால், அவருக்கு 200 உருபா வரை தண்டமோ மூன்று திங்கள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. பிறரைச் சிறையிற் காக்கும் பணியை முறைப்படி விடாதவர் தாமே சிறைபுகலாம்! காவலரையும் ஒருவகையிற் சிறையாளராகவே கருதிய ஆட்சியின் எண்ணம் இது. முறைப்படி அறிவித்து விலகுவார்க்குத் தடையில்லை என்பது உண்மையே. ஆயினும், விலகுதல் என்பதே ஏதோ குற்றத்துக்கு அடுத்த படி என்னும் அச்சம் சீருடைப் பணிகளில் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

தந்தையாவோர்க்குச் சட்டம் அளிக்கும் துணை எவ்வளவு? தமிழ்நாட்டு அரசுப் பணியிலுள்ள பெண்கட்கு மகப்பேற்று விடுப்பு 2021-இல் 12 திங்களாக உயர்த்தப்பெற்றது, நல்ல செயல். நடுவணரசுப் பணியிலுள்ள தந்தையர்க்கு 15 நாள் விடுப்பு உண்டு. தென்காசி மாவட்டத்திற் பணியாற்றிய காவல்துறை ஆய்வாளர் ஒருவர் தம் மனைவியின் மகப்பேற்றையொட்டி 90 நாள் விடுப்புக் கேட்டார். முதலில் அளிக்கப்பெற்ற விடுப்புப் பின்னர் விலக்கப்பெற்றது. குறித்த நாளிற் பணிக்குத் திரும்பாமையால், பணியைக் கைவிட்டு ஓடியவர் என்றே ஆணை பிறந்தது. சென்னை உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் அவ்வாணையை நீக்கியதோடு, தந்தைமை விடுப்புக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் கூறியது. மனைவியின் பேற்றுக்கட்டிலருகே நிற்க விரும்பியவர் ஓடிப்போனவர் எனப் பெயர் பெற்றார்! சீருடை அணிந்தவர்க்கும் குழந்தை பிறக்கும் என்பதை ஆட்சிமுறை இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையில், குழந்தை பெற்ற சிறைக்காவலர் ஒருவர், வேறு தொழில் கற்றுக்கொண்டால் வீட்டோடு இருந்து வாழலாமே என எண்ணுவது கோழைமையும் அன்று. நன்றி மறத்தலும் அன்று. தொழில் மாறியோரை இழித்துரைப்பது அம்மண்ணுக்கு வழக்கமும் அன்று. சட்டம் பயின்ற டி. கே. சிதம்பரநாதர் வழக்குரைஞர் தொழிலிற் செல்லாமல் தமிழ்ச்சுவையிலே தோய்ந்து, குற்றாலத்திற் குடியிருந்து, 1954-இல் மறையும்வரை அங்கே தமிழ் வளர்த்தமையை நாடறியும். உரிய பணியை உரிய வயதில் தேர்ந்துகொள்பவர் சிலர். வாழ்க்கை உணர்த்தியபின் தேர்ந்துகொள்பவர் பலர்.

அங்ஙனம் எண்ணுவோர் கண்முன் இன்று நிற்கும் தொழில் கணிப்பொறித் தொழில். ஒருகாலத்தில் அத்தொழிலுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லவேண்டியிருந்தது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் தொடங்கியபின் அந்நிலை மாறிற்று. வாடிக்கையாளர் முறையீடுகளைப் பதிந்து தீர்வு காண உலகெங்கும் பயன்படுத்தப்பெறும் அந்நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று அம்மலையடியிலேயே உருவாக்கப்பெற்றது. கல்லூரிப் பட்டமில்லாமலும் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்த இளைஞரைப் பயிற்றி வேலைக்கமர்த்தும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகின்றது. மகப்பேற்றாலும் பிற வீட்டுக் கடமையாலும் முன்பணியை இடையில் விட்ட பெண்கட்கு ‘மறுபடி’ என்னும் தமிழ்ப்பெயரிலேயே மற்றொரு பயிற்சியையும் தொடங்கியது. நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊரிலிருந்து மென்பொருள் செய்யலாம் என்பது இனிக் கனவன்று, கண்கூடு.

ஆயின், இவ்வழிகளுள் எதுவும் முப்பது அகவையுடைய சிறைக்காவலத் தந்தைக்கென அமைந்ததன்று. பள்ளி முடித்த பதினெட்டு அகவை இளைஞர்க்கு ஒருவழி. முன்பு அலுவலகத்திற் பணிபுரிந்த தாய்க்கு ஒருவழி. இரவுக் காவல் முடித்து விடியற்பேருந்தில் வீடு திரும்பும் தந்தைக்கு வழியில்லை. தனியார் நிறுவனம் தன் தேவைக்கேற்பவே வழி வகுக்கும். அதனைக் குறைகூறிப் பயனில்லை. எஞ்சியோர்க்கு வழி செய்வது அரசின் கடமை. மொழியின்மேல் அன்புடையோரின் கடமையும் ஆகும்.

சிறைக்காவலர்க்குக் கணிப்பொறித் தொழில் எங்ஙனம் பொருந்தும் என நகைப்பாரும் உளர். அவர் இரண்டையும் அறியாதவர். சிறையின் தலைவாயிலில் இரு கதவுகள் உண்டு. வெளிக்கதவு திறந்திருக்கும்போது உட்கதவு திறக்கப்படலாகாது. உட்கதவு திறந்திருக்கும்போது வெளிக்கதவு திறக்கப்படலாகாது. உலகத்தின் செய்திகளையெல்லாம் சேர்த்துவைக்கும் பெருங்கணிப்பொறிக் கூடங்கள் பலவற்றின் நுழைவறையும் இதே முறையில் அமைந்ததே. வாயிலிற் புகுவோர் யார், எவர் இசைவோடு, எந்நேரத்தில் என்று பதிவேட்டிற் குறிக்கிறார் காவலர். மென்பொருளும் தன்னுள் நுழைவோரையும் அவர் செய்வனவற்றையும் இங்ஙனமே குறித்துவைக்கின்றது. இவர்க்கு இந்த அறைவரை செல்ல இசைவுண்டு, அதற்கப்பால் இல்லை என்னும் ஒழுங்கே கணிப்பொறிக் காப்பின் அடிப்படை. மாலையில் அறைகளை அடைக்குமுன் தலையெண்ணிக்கை எடுக்கின்றனர். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், எங்கே பிழை நேர்ந்தது என ஒவ்வோர் அறையாகத் திரும்பிச் சென்று தேடுகின்றனர். நிரலிற் பிழை தேடுவோர் செய்வதும் அதுவே. அன்றியும், சிறையாளர் பதிவுகள் இன்று நாட்டுத் தகவலியல் நடுவம் உருவாக்கிய ‘மின்சிறை’ மென்பொருளில் ஏற்றப்பெறுகின்றன. ஆகலின் கணிப்பொறி சிறைக்குட் புகுந்து ஆண்டுகள் பலவாயின. காவலர்க்கு இல்லாதது அறிவன்று; விழிப்பன்று; பொறுமையன்று. தாம் முன்பே அறிந்த ஒன்றுக்குத் தொழிலுலகம் இட்டிருக்கும் அயற்பெயரே அவர்க்குத் தெரியாதது.

இவ்விடத்தில்தான் மொழி குறுக்கே நிற்கின்றது. மேற்கூறிய இருகதவு முறையைத் தமிழில் விளக்கினால் ஒரு நாழிகையில் அவர் பிறர்க்கே கற்பிப்பார். அதனையே ஆங்கிலத்திற் சொன்னால், பள்ளியில் ஆங்கில வகுப்பில் தலைகுனிந்து நின்ற நாள் அவர் நினைவுக்கு வரும். அன்றோடு வகுப்பை விட்டு நின்றுவிடுவார். பிறகு ஊரார் என்ன சொல்வர்? ‘காவலாளிக்குக் கணிப்பொறி வருமா?’ என்பர். தோற்றது அவர் அறிவன்று, கற்பித்த மொழி. இவ்வேறுபாட்டை உணராமையாற் கெட்ட வாழ்வுகள் தமிழ்நாட்டில் எத்துணை!

கணிப்பொறியே ஆங்கிலத்தில்தானே இயங்குகின்றது, தமிழிற் கற்பது எப்படி என்பர் சிலர். பைத்தான் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் இலக்கணம் தனக்கென ஒதுக்கிவைத்துள்ள அடிப்படைச் சொற்கள் 35 மட்டுமே. நிரலில் வரும் மதிப்புகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு அதற்கு இடந்தருகின்றது. சிறை விதிகளை எண்ணோடு நெட்டுருச் செய்த காவலர்க்கு 35 சொல் ஒரு பொருட்டா? அச்சொற்களைக் குறிகளாகக் கொண்டு, அவை செய்யும் வேலையைத் தமிழில் விளக்கினால் போதும். கணக்கில் வரும் கூட்டற்குறியும் கழித்தற்குறியும் தமிழெழுத்துகளா? அவற்றைக் கொண்டு தமிழிற் கணக்குக் கற்கவில்லையா? பைத்தானையே தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ்வழியிற் கற்பிக்கின்றது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலைப் புரட்டிப் பார்க்க. அரசுப் பள்ளியிற் படிக்கும் பதினேழு அகவைச் சிறுமி தமிழிற் கற்கும் ஒன்றை, அவள் தந்தை தமிழிற் கற்க இயலாது என்பது என்ன முறை?

கருவிகளும் இல்லாமலில்லை. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். ஒருங்குறி 1991-இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்னும் நிரல்மொழியையே தமிழ்ச் சொற்களால் அமைத்தார். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருட் செய்திகளைத் தமிழில் வெளியிட்டு வருகின்றது. தரவுத்தளமும் நிரலாக்கமும் பற்றிய அதன் நூல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. சங்கரன்கோவிலிற் பிறந்த பாவாணர் சொல்லுக்கு வேர் கண்டு காட்டியதனால், எப்புதுப்பொருட்கும் தமிழிற் சொல்லாக்கலாம் என்னும் துணிவு தமிழர்க்கு வந்தது. இப்போது அவர் பிறந்த ஊர் தென்காசி மாவட்டத்திலேயே உள்ளது. எழுத்துண்டு, விசையுண்டு, நூலுண்டு, சொல்லுண்டு. இவற்றையெல்லாம் ஒருங்கு சேர்த்துப் பணிமுடிந்து வருவார்க்குக் கற்பிக்கும் ஒரு கூடம் மட்டும் இல்லை.

இது முடியக்கூடியதே என்பதைத் தமிழர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுள்ளனர். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுகு கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் சம்பளம் மிகுந்த பணி தேடி வேற்றிடம் செல்ல, சிற்றூர்க்கு மருத்துவர் இல்லாமற் போகக் கண்டார். 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். தாமே தமிழ் கற்று, தம் மாணவரோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873-இல் அவர் தாயகம் திரும்புமுன், தமிழிற் கற்ற மருத்துவர் பலர் மக்களிடையே தொழில் செய்துகொண்டிருந்தனர். உயிரைக் காக்கும் மருத்துவத்தைத் தமிழிற் கற்று அறுவை செய்ய முடிந்த நாட்டில், நிரலெழுதக் கற்க முடியாது என்பார் கூற்றை யார் ஏற்பர்? அயல்நாட்டார் ஒருவர்க்கு இருந்த துணிவு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கட்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலையும் எந்திரவியலையும் எடுத்துக்கொண்டது. அத்தொடக்கத்திற் கணிப்பொறியியலுக்கு இடமளிக்கவில்லை. எத்துறையில் வேலை பெருகி நின்றதோ அத்துறையிலேயே தமிழ் புறத்தே நிறுத்தப்பெற்றது.

தமிழிற் கற்றால் உலக நிறுவனத்தில் வேலை கிடைக்குமா என்னும் ஐயத்தைப் புறந்தள்ளலாகாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்க்கு மடல் எழுதவும், ஆங்கிலத்திலுள்ள குறிப்பைப் படிக்கவும் ஆங்கிலம் தேவைப்படும், மறுப்பாரில்லை. ஆனால், அதனைத் தொழிலுக்குள் நுழைந்தபின் வேண்டிய அளவு கற்றுக்கொள்ளலாம். கருவியாக ஆங்கிலம் வரட்டும். கதவாக நிற்க வேண்டா என்பதே கூற்று. சப்பானியரும் கொரியரும் தம் மொழியிற் பொறியியல் கற்று, தேவைப்படும்போது ஆங்கிலத்தைப் பயன்கொள்கின்றனர். அவர்தம் பொருள்களை வாங்குவோர், இவர் எம்மொழியிற் கற்றார் என வினவுவதில்லை.

இன்னொரு தடையும் இப்போது சொல்லப்பெறுகின்றது. செய்யறிவு வந்துவிட்டது, நிரலை அதுவே எழுதுகின்றது, இனி ஒருவர் நிரல் கற்றுப் பயனென்ன என்பர். தொடக்கநிலை வேலைகள் சில இதனாற் குறையலாம் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஆகலின், கையிலுள்ள அரசுப் பணியை இன்றே உதறிவிட்டு வா என எவரையும் தூண்டுதல் தீது. திங்கள் தவறாமல் வரும் சம்பளம் குழந்தையின் பாலும் மருந்தும் ஆகும். பணியிலிருந்தபடியே கற்று, தேறியபின் விலகுவதே அறிவுடைமை. ஆயினும், பொறி எழுதிய நிரலைச் சரிபார்க்கவும், அதன் பிழைக்குப் பொறுப்பேற்கவும், காப்பு முறையைக் கண்காணிக்கவும் மாந்தர் வேண்டும். விழித்திருந்து சரிபார்த்தலையே தொழிலாகக் கொண்டவர் சிறைக்காவலர். மேலும், அச்செய்யறிவு இன்று தமிழிற் கேட்டால் தமிழில் விடை தருகின்றது. பொறிகூடத் தமிழ் கற்றுவிட்டது! கற்பிக்க வேண்டிய கூடங்கள்தாம் தமிழைக் கண்டு கூசுகின்றன.

மதிலுக்குட் கணிப்பொறிக் கல்வி இயலாதது எனவும் சொல்வதற்கில்லை. 1991-இற் சிறைப்பட்டு 2022 மே 18 அன்று உச்ச முறைமன்றத்தால் விடுவிக்கப்பெற்ற பேரறிவாளன், சிறையிலிருந்தபடியே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கணிப்பொறிப் பயன்பாட்டியலில் இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார். சிறைகளிலேயே அப்பல்கலைக்கழகத்தின் படிப்பு நடுவங்கள் அமைந்துள்ளன. சிறையாளர் கற்பது அறம். அவ்வாய்ப்பு இன்னும் பெருகவேண்டும். ஆனால், அக்கம்பிக்கு இப்பால் நின்று காவல் செய்யும் எளிய மகனுக்கும் மகளுக்கும் அவ்வாய்ப்பு உரியதன்றோ? சிறைவளாகத்தில் நூலகம் இருக்கின்றது, கணிப்பொறி இருக்கின்றது, கற்க விரும்பும் காவலரும் இருக்கின்றனர். அவர்க்கு வேண்டியது, கிழமைக்குச் சில நேரம் மாறாமற் கிடைக்கும்படி பணிமுறையை வகுத்துத் தரும் அலுவலர் உள்ளம் ஒன்றே.

இவற்றையெல்லாம் செய்யாவிட்டால் விளைவது என்ன? துணிவுள்ள சிலர் எப்படியேனும் ஆங்கிலத்தோடு போராடிக் கணிப்பொறித் தொழிலுக்குச் சென்றுவிடுவர். அவர்கள் சென்ற அன்றே ஒரு பாடத்தைத் தம் நெஞ்சில் எழுதிக்கொள்வர். ‘தமிழ் என்னை மதிற்புறத்தே நிறுத்தியது, ஆங்கிலமே என்னை மீட்டது, நான் பட்ட பாட்டை என் பிள்ளை படலாகாது’ என்பதே அப்பாடம். உடனே பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும். சம்பளத்தில் ஒருபகுதி அப்பள்ளிக்கே செல்லும். எப்பிள்ளையோடு கூடி வாழ்வதற்காகத் தந்தை தொழிலை மாற்றினாரோ, அப்பிள்ளை தந்தையின் மொழியில் எழுதத் தெரியாமல் வளரும். செல்ல முடியாமற் சிறையிலேயே நின்றுவிட்டவரும் அதே பாடத்தையே படிப்பர். தம்மால் இயலாததைப் பிள்ளையேனும் செய்யட்டும் என்று அவரும் ஆங்கிலப் பள்ளியையே நாடுவர். வென்றவர் பிள்ளையும் தமிழுக்கு இல்லை. தோற்றவர் பிள்ளையும் தமிழுக்கு இல்லை. இப்பெற்றோரைத் தமிழ்ப்பற்றில்லாதவர் எனப் பழித்துப் பேசுவதால் ஒரு பிள்ளையும் திரும்பி வாராது. பிள்ளையின் வயிற்றையும் வாழ்வையும் எண்ணும் பெற்றோரிடம் பற்றைப் பற்றிப் பேசுமுன், தமிழிற் பிழைக்க வழியுண்டு என்பதைக் காட்டல் வேண்டும்.

இதற்கு மாறாக, தமிழிற் கற்றுத் தொழில் மாறிய தந்தை ஒருவரை எண்ணிப் பார்க்க. அவர் வீட்டில் நிரல் எழுதும்போது பிள்ளை அருகில் வந்து, இஃது என்ன என்று கேட்கும். அவர் தமிழில் விடை சொல்லுவார். அவர்க்கு அஃது அம்மொழியிலேயே தெரியும். ஆயிரம் மேடைப்பேச்சுகள் செய்யாததை அவ்வொரு விடை செய்துவிடும். அறிவியலைத் தன் தந்தையின் வாயால் தமிழிற் கேட்ட பிள்ளைக்குத் தமிழ் அறிவியலுக்கு ஆகாது என எவராலும் சொல்லி நம்பச் செய்ய முடியாது.

செய்யத்தக்கன அரியன அல்ல. அரசு, சிறைக்காவலர்க்கும் பிற சீருடைப் பணியாளர்க்கும் கல்வி விடுப்பும் தந்தைமை விடுப்பும் முறையாக வகுக்க வேண்டும். கற்போர்க்கு மாறாத பணிநேரம் தர வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இணைந்து, தென்காசியிலும் பாளையங்கோட்டையிலும் கணிப்பொறிப் பட்டயப் படிப்பை மாலையிலும் விடுமுறை நாளிலும் முழுக்கத் தமிழில் நடத்த வேண்டும். தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கி 2010-இற் சட்டம் இயற்றிய நாடு இது. அவ்வுணர்வு வேலைக்கு ஆளெடுக்கும் ஏட்டோடு நில்லாமல், தொழில் கற்பிக்கும் கூடத்துக்கும் வர வேண்டும். மலையடியில் அலுவலகம் அமைத்த நிறுவனங்கள், நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுத இடந்தந்து, அகவை வரம்பைத் தளர்த்திப் பார்க்கலாம். ஆங்கிலம் நன்கு வாராத அறிவாளர் எத்துணைப்பேர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் இருக்கின்றனர் என்பதை அன்று அவை அறியும்.

அரசும் நிறுவனமும் செய்யும்வரை தமிழன்பர் வாளா இருக்க வேண்டுவதில்லை. தனித்தமிழன்பர் பலர் இன்று கணிப்பொறித் துறையிலேயே பணியாற்றுகின்றனர். அவருள் ஒருவர் கிழமைக்கு ஒருநாள், தென்காசியிலோ குற்றாலத்திலோ ஒரு பள்ளி அறையில் நான்கு கணிப்பொறிகளோடு அமர்ந்தால், பத்துப்பேர் கற்பர். சொல்லாக்கத்தில் தமிழியக்கம் செய்தது பெரிது. ஆக்கிய சொல்லைத் தொழிலாளியின் வாயில் வழங்கச் செய்வது அடுத்த கடமை. அகரமுதலியிற் கிடக்கும் சொல் விதை. வகுப்பறையில் வழங்கும் சொல்லே பயிர். நிரல், தரவு, மாறி, கோப்பு என்னும் சொற்களை ஒரு சிறைக்காவலர் தம் வேலையிற் பயன்படுத்தத் தொடங்கிய அன்றே அச்சொற்கள் உயிர்பெறும்.

பிள்ளை பிறந்ததும் தம் வாழ்வையே திருத்தியமைக்கத் துணியும் பெற்றோர் எம்மொழியினர்க்கும் பெருஞ்செல்வம். அத்துணிவு ஆங்கிலத்துக்குக் காணிக்கையாகாமல் தமிழுக்கு வலிவாதல் வேண்டும். தமிழன்பர்களே! அடுத்த திங்கள் ஒரு கூட்டத்தைக் குறைத்து ஒரு வகுப்பைத் தொடங்குக. இரவுக் காவல் முடித்துவரும் ஒருவரையேனும் அழைத்து அதில் அமர்த்துக.